நனைந்த குடைகளின் ஒரே ஒரு இசைத்தட்டு

ஹாமில்டன் நகரில் மலைச்சாலை ஏறும் பேருந்தை ஓட்டுகிற நைஜல் ஆஷ்கோமுக்கு ஒரு ரசிகர் கூட்டமே உண்டு. பல் டாக்டரிடம் போகிற கிழவிகள், கல்லூரிப் பிள்ளைகள், இரும்பாலையில் ஓய்வு பெற்றுவிட்டு வீட்டில் இருந்தால் மனைவி வேலை சொல்வாளே என்று பேருந்தில் சுற்றுகிறவர்கள். நிறுத்தங்களின் பெயரைச் சொல்லப் பதிவு செய்த குரல் ஒன்று இருக்கிறது. நைஜல் அதை அணைத்துவிட்டுத் தானே அறிவிப்பார், அதுவும் சுத்தமான இங்கிலாந்து உச்சரிப்பில். அது நம் காதில் எப்படி விழும் என்றால், நாடக மேடையில் ராஜா பேசுவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

“பெருமதிப்பிற்குரிய பயணிகளே! அடுத்து வருவது மருத்துவமனை. இறங்குவோர் தத்தம் குடைகளை மறவாது எடுத்துச் செல்வீராக!”

“வெயில் கொளுத்துது நைஜல்!” என்று பின்னாலிருந்து யாராவது கத்துவார்கள்.

“ஆயினும் எச்சரிக்கை நன்று, அம்மணி!”

ஒரே ஒரு முறைதான் சிக்கல் வந்தது. உண்மையான இங்கிலாந்துக்காரர் ஒருவர் ஏறிவிட்டார். “நீங்க மான்செஸ்டராமே? நானும்தான். எந்தப் பக்கம்?” என்று ஆசையாகக் கேட்டார். நைஜல் சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல், “பல பக்கங்கள்” என்றார். அந்த மனிதர் அடுத்த நிறுத்தத்தில் குழப்பத்தோடு இறங்கிப் போனார்.

விஷயம் என்னவென்றால், நைஜல் இங்கிலாந்தைக் கண்ணால் பார்த்ததில்லை. அவருடைய அசல் பெயர் ஆர்வோ கெட்டுனென். பிறந்தது இதே ஒண்டாரியோ மாகாணத்தில், காரில் இரண்டு நாள் வடமேற்கே போனால் வருகிற தண்டர் பே. இந்தக் கதையில் நைஜல் வரும்போதெல்லாம் ‘அவர்’ என்றும் ஆர்வோ வரும்போதெல்லாம் ‘அவன்’ என்றும்தான் வாயில் வருகிறது. மரியாதை அந்தக் குரலுக்கு.

ஆர்வோவின் அப்பா பின்லாந்திலிருந்து மரம் வெட்ட வந்தவர். அவர் ஒரு குளிர்காலம் முழுக்கப் பேசியதை ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம், முகவரிக்கும் இடம் இருக்கும். அம்மா சீக்கிரமே போய்விட்டாள். அதன் பிறகு அந்த வீட்டில் சத்தம் போட்டது அடுப்பு மட்டும்தான். ஆர்வோவுக்கு இருபது வயது ஆனபோது அப்பா வீட்டை விற்றுவிட்டுப் பின்லாந்துக்கே கிளம்பினார். விமான நிலையத்தில் மகனை ஏற இறங்கப் பார்த்து, “சரி” என்றார். அதுதான் அவர் செய்த ஆசீர்வாதம்.

ஆர்வோ தெற்கே ஹாமில்டனுக்கு வந்து இரும்பாலையில் சேர்ந்தான். வாடகைக்கு எடுத்த அறைக்குக் கீழே நிலவறையில் ஒரு இசைக்குழு பயிற்சி செய்துகொண்டிருந்தது. பெயர் ‘நனைந்த குடைகள்’. டிரம்ஸ் கார்மெலா என்ற இத்தாலிக்காரப் பெண், கிதாரும் சிந்தசைசரும் டக். பாடகன் எவனும் நிலைக்கவில்லை. ஒரு நாள் சத்தம் தாங்காமல் ஆர்வோ படியிறங்கி வந்து வாசலில் நின்றான். ஆறடி இரண்டு அங்குலம், ஒட்டிய கன்னம், வெளுத்த முடி, முகத்தில் காரணம் தெரியாத சோகம். கார்மெலா டிரம்ஸை நிறுத்திவிட்டு, “டேய் டக், பாடகன் வந்துட்டான்” என்றாள். பாடத் தெரியுமா என்று அப்புறம்தான் கேட்டார்கள்.

அது 1981. ஒண்டாரியோவில் எந்த நிலவறையை எட்டிப் பார்த்தாலும் மெல்லிய டை கட்டிக் கண்ணுக்கு மை தீட்டிய நாலு பேர், நேற்றுத்தான் லண்டனிலிருந்து கப்பலில் வந்திறங்கியவர்கள் போலப் பாடிக்கொண்டிருப்பார்கள். அதற்குப் பெயர் புது அலை. மைக்கைக் கீழே வைத்ததும் அவரவர் தச்சர் மகனாகவும் கசாப்புக்கடைக்காரர் மகனாகவும் ஆகிவிடுவார்கள். ஆர்வோ மட்டும் ஆகவில்லை. அவனால் முடியவில்லை என்பதுதான் சரி. பிறந்ததிலிருந்து வாயடைத்துக் கிடந்தவனுக்கு அந்த இரவல் குரலில் பேச்சு கொட்டியது. அந்தக் குரலுக்கு நைஜல் ஆஷ்கோம் என்று ஒரு பெயரும் வைத்துக்கொண்டான். ஆர்வோவாக இருந்தால் ஒரு பெண்ணிடம் மணி என்ன என்று கேட்க அரை நாள் வேண்டும். நைஜலாக இருந்தால் வானத்தைப் பற்றியே அரைமணி நேரம் பேசலாம்.

கம்பளக் கடைக்கு மேல் மாடியிலிருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒன்பது நாளில் எட்டுப் பாட்டுப் பதிவு செய்தார்கள். ‘அந்நியர்களுக்கான வானிலை’ என்று இசைத்தட்டு வந்தது. அட்டையில் மூவரும் கார் நிறுத்துமிடத்தில் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஐந்நூறு பிரதிகள். குழு அதற்கப்புறம் ஐந்து மாதம் உயிரோடு இருந்தது. சிந்தசைசர் யார் வீட்டில் இருக்க வேண்டும் என்று கார்மெலாவுக்கும் டக்குக்கும் சண்டை வந்து எல்லாம் முடிந்தது. டக் சிந்தசைசரைத் தூக்கிக்கொண்டு வான்கூவருக்குப் போனவன்தான், திரும்பவில்லை.

ஆனால் அந்த இசைத்தட்டால் ஒரு காரியம் நடந்தது. அது வெளியான சனிக்கிழமை மத்தியானம், இசைத்தட்டுக் கடையில் குழுவினர் கையெழுத்துப் போட உட்கார்ந்திருந்தார்கள். வந்ததே ஒன்பது பேர். அதில் ஒருத்தி, நர்ஸ் படிப்புப் படிக்கிற மார்லீன். நைஜல் அவளிடம் ஒரு மணி நேரம் பேசினார். மழையைப் பற்றி, மான்செஸ்டர் வீட்டைப் பற்றி, அங்கே இருந்த பூனையைப் பற்றி. அந்தப் பூனை எப்படிச் செத்தது என்று சொல்லி அவரே கண் கலங்கினார். அதற்கப்புறம்தான், “உமது ஊர் எதுவோ?” என்று கேட்டார்.

“நிப்பிகன். உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. தண்டர் பேக்குப் பக்கத்துல.”

நிப்பிகன் தண்டர் பேயிலிருந்து ஒரு மணி நேர ஓட்டம். ஆர்வோ மீன் பிடித்த ஊர். அங்கேயே உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் பூனையை என்ன செய்வது? அழுது முடித்தாயிற்று. “எத்துணை இனிமையான பெயர்!” என்று சொல்லிவிட்டார்.

1984இல் கல்யாணம். அதற்குள் இரும்பாலையை விட்டுப் பேருந்து ஓட்டப் போயிருந்தார், பெயரையும் சட்டப்படி நைஜல் ஆஷ்கோம் என்று மாற்றியிருந்தார். அனுமதிப் படிவத்தில் பிறந்த ஊர் என்ற கட்டம் வந்தபோது கையால் மறைத்துக்கொண்டு எழுதினார். “என் தந்தையார் கடலுக்கு அப்பால் வசிக்கிறார்” என்று மாமனாரிடம் சொன்னார். அது பொய் இல்லை, பின்லாந்தும் கடலுக்கு அப்பால்தான்.

கஷ்டம் ஒவ்வொரு கோடையிலும் வந்தது. மார்லீனின் பிறந்த வீடும் பின்லாந்து வம்சம்தான். ஏரிக்கரையில் மரத்தால் கட்டிய சின்ன வீடு வைத்திருந்தார்கள். அதைத் தெற்கத்திக்காரர்கள் காட்டேஜ் என்பார்கள். வடமேற்கில் அதற்கு ஒரே பெயர், கேம்ப். நைஜல் மறக்காமல் காட்டேஜ் என்றே சொல்வார். மார்லீனின் தம்பி ரே மறக்காமல் திருத்துவான்.

“கேம்ப்பு மச்சான், கேம்ப்பு! காட்டேஜ்ங்கறது டொரண்டோக்காரன் பேச்சு. சொல்லு பாப்போம்.”

“கே... ம்ப். விந்தையான சொல்!”

பிக்கரல் மீனை நெட்டுக்குப் பிளந்து முள்ளெடுக்க ஆர்வோ ஏழு வயதில் கற்றவன், கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வான். நைஜலுக்கு ரே ஒவ்வொரு வருஷமும் முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தான். “கத்திய இப்படிப் புடி மச்சான். பயப்படாத, அது செத்துடுச்சு.” நைஜல் மீனைப் பார்த்து முகத்தைச் சுளித்து, வேண்டுமென்றே பாதிச் சதையை முள்ளோடு விட்டுவிடுவார். அதைக் கண்ணால் பார்க்கும்போது உள்ளே ஆர்வோவுக்கு ரத்தம் கொதிக்கும்.

சௌனாவில் இன்னொரு நாடகம். பலகைப் படிகள் போட்ட அந்த வெந்நீராவி அறையில் மாமனார் டாய்வோ பேசாமல் உட்கார்ந்திருப்பார். நைஜல், “ஐயகோ! இது நரகமன்றோ!” என்று கூவியபடி உட்கார்ந்து, மனசுக்குள் இன்னும் கொஞ்சம் தண்ணீரை அடுப்பின் சுடுகல்லில் ஊற்றக் கூடாதா என்று ஏங்குவார். கிறிஸ்துமஸுக்கு ரே தண்டர் பேயிலிருந்து ஒரு பெட்டி பெர்ஷியன் வாங்கி வருவான். மேலே இளஞ்சிவப்புச் சர்க்கரைப் பாகு பூசிய பன் அது, அந்த ஊரை விட்டால் வேறெங்கும் கிடைக்காது. “யாதிது? விசித்திரப் பண்டம்!” என்று கேட்டுக்கொண்டே நைஜல் நாலைத் தின்றுவிட்டு, குளியலறைக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வருவார்.

இப்படி முப்பத்தெட்டு வருஷம். மான்செஸ்டருக்கு ஒரு தடவை போய்விட்டு வரலாம் என்று மார்லீன் சொல்லும்போதெல்லாம், “அந்தப் பூனையின் நினைவு என்னை வதைக்கும்” என்று தட்டிக்கழித்தார். இசைத்தட்டை அலமாரி மேல் வைத்தவர் ஒரு நாளும் போட்டதில்லை. தன் குரலைத் தானே கேட்பது பண்பாடன்று என்பது அவர் சொன்ன காரணம்.

அப்புறம் டெஸ் வந்தாள். டொரண்டோவில் பழைய இசைத்தட்டுகளைத் தேடி மறுபடி வெளியிடும் சின்ன நிறுவனம் நடத்துகிறவள். முப்பது வயதுகூட இருக்காது, மெல்லிய டை கட்டியிருந்தாள். நைஜலின் விடுமுறை நாளில் காபிக் கடையில் சந்தித்தார்கள்.

“சார், உங்களுக்கு ஜப்பான்ல ஒரு சங்கமே இருக்கு.”

“அப்படியா! எத்தனை பேரோ?”

“பதினோரு பேர். ஆனா வெறியனுங்க.” அவள் போனை மேசைமேல் வைத்தாள். “அசல் டேப்பு கார்மெலா மேடத்தோட பேக்கரில மாவு மூட்டைக்குக் கீழ இருந்துச்சு. நாலாவது பாட்டு முடிஞ்சதும் ஒண்ணு வருது பாருங்க. புது வெளியீட்டுல அதையும் சேக்கறேன்.”

பாட்டு முடிந்தது. ஏதோ இரும்பு விழுகிற சத்தம். பிறகு இருபத்துமூன்று வயது ஆர்வோ அலறினான்: “ஐயோ அம்மா! கால்ல போட்டுட்டியேடா எருமை! எங்க ஊரு தண்டர் பேல மரம் வெட்டறவன்கூட மரத்த இப்படிப் போட மாட்டான்டா!”

நாற்பது வருஷமாக அவர் அந்தக் குரலைக் கேட்டதில்லை.

“எப்படி சார்?” என்று டெஸ் பூரித்துப்போய்க் கேட்டாள். “ஒரு இங்கிலாந்துக்காரர், கால்ல மைக் ஸ்டாண்டு விழுந்த வலியிலகூட, தண்டர் பே ஆள் மாதிரி அச்சு அசலா மிமிக்ரி பண்றீங்களே! மேதை சார் நீங்க!”

நைஜலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மிமிக்ரி. ஆமாம். மிமிக்ரிதான். “சிறு வயது முதலே எனக்கு அத்திறன் உண்டு” என்றார் அடக்கமாக. ஆனாலும் அந்தப் பகுதியை வெட்டிவிடச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தார். “அதான் சார் ஆல்பத்தோட உயிரே” என்று அவள் மறுத்துவிட்டாள்.

வீட்டுக்குப் போகிற வழியில் கார்மெலாவுக்குப் போன் செய்தார். அவளுக்கு எல்லாம் தெரியும்.

“இன்னுமா நீ அவகிட்ட சொல்லல?” கார்மெலா மாவு பிசைவதை நிறுத்திவிட்டுக் கத்தினாள். “நாப்பது வருஷமாடா! நான் இதுக்குள்ள ரெண்டு புருஷனையே மாத்திட்டேன், உன்னால ஒரு குரல மாத்த முடியல!”

“கார்மெலா, நிலைமையின் தீவிரத்தை உணர்ந்து...”

“என்கிட்ட அந்த நாடகத்த வெச்சுக்காத. சொல்லித் தொலைடா!”

சொல்வதற்கு அவருக்குப் பயம். தெரிந்தால் மார்லீன் போய்விடுவாள் என்பது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம், அவள் போகாமலே இருந்து, காபியை மேசைமேல் வைத்துவிட்டு, யாரோ ஊர்பேர் தெரியாத ஆளைப் பார்ப்பது போலத் தன்னைப் பார்ப்பாள் என்பது. அவள் கட்டிக்கொண்டது நைஜலை. ஆர்வோவை அவளுக்கு யாரென்றே தெரியாது. ஆர்வோவுக்கு அவளிடம் பேச ஒரு வார்த்தையும் தெரியாது. அதனால் மிமிக்ரி என்ற சொல்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டார். பேருந்து ஓட்டும்போது கண்ணாடியைப் பார்த்து ஒத்திகை பார்த்தார். “அன்பே, அஃதொரு பாவனை. வெறும் பாவனை.”

“யாரு கூட நைஜல் பேசறீங்க?” என்று முன்சீட்டுக் கிழவி கேட்டாள்.

மூன்று வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தார். வாசல்வரை பாட்டுச் சத்தம் கேட்டது. டெஸ் அச்சடித்துப் பார்த்த முதல் தட்டைத் தபாலில் அனுப்பியிருந்தாள். பிரித்த அட்டைப்பெட்டி கூடத்தில் கிடந்தது. சமையலறையில் மார்லீன் காபியோடு உட்கார்ந்திருந்தாள். நாலாவது பாட்டு முடியப்போகிற நேரம். நைஜல் தொப்பியைக் கழற்றாமல் அப்படியே நின்றார்.

இரும்பு விழுந்தது. “ஐயோ அம்மா! கால்ல போட்டுட்டியேடா எருமை!” என்று வீடு முழுக்க ஆர்வோ கத்தினான். தண்டர் பே, மரம் வெட்டுகிறவன், எல்லாம் வந்தது. பிறகு தட்டின் இந்தப் பக்கம் முடிந்து, முள் தானாகத் தூக்கிக்கொண்டது.

“யாரு இது?” என்றாள் மார்லீன்.

சொல் தயாராக இருந்தது. நூறு தடவை ஒத்திகை பார்த்த சொல். அவளைப் பார்த்தார். அவள் கோபமாக இல்லை, சிரிக்கவும் இல்லை. பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிறவள் மாதிரி கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்து இன்னொரு பூனையைச் சாகடிக்க அவருக்கு மனசு வரவில்லை.

“நான்தான்” என்றான் ஆர்வோ.

அந்த ஒரு சொல் அவனுடைய சொந்தக் குரலில் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. அப்பாவின் வீட்டில் இருந்த அதே நிசப்தம் வந்து சமையலறையில் உட்கார்ந்துகொண்டது.

“தெரியும்” என்றாள் மார்லீன்.

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“அன்னிக்குக் கடைல தட்ட வாங்குனேனே, அந்த வாரமே தெரியும். நாலாவது பாட்டு. ‘கோடையெல்லாம் கேம்ப்பிலே, நீ வராத கேம்ப்பிலே.’ இங்கிலாந்துல பொறந்தவன் எவன் கேம்ப்புக்குப் போவான்? ஹாமில்டன்காரன்கூடப் போக மாட்டான். என் ரூம்ல ஒக்காந்து விழுந்து விழுந்து சிரிச்சேன். நம்ம ஊருப் பையன் வந்து மான்செஸ்டர்ல செத்த பூனைக்கு அழறான்!”

ஆர்வோவுக்கு அந்த வரி மறந்தே போயிருந்தது. எழுதியது அவன்தான். ஹாமில்டனில் தனியாகக் கிடந்த முதல் கோடையில், ஏரியை நினைத்து ஏங்கி எழுதியது. அந்த ஏரிக்கரை வீட்டுக்கு வேறு பெயரும் இருக்கும் என்று அப்போது அவனுக்குத் தெரியவே தெரியாது.

“கல்யாண ஃபாரத்துல கைய வெச்சு மறைச்சியே, நான் பாக்கலன்னு நெனச்சியா? போர்ட் ஆர்தர்னு எழுதுன. தண்டர் பேல பாதி ஊருக்கு எழுபது வரைக்கும் அதான பேரு? நான் பொறந்த ஆஸ்பத்திரியே அங்கதான இருக்கு!”

“அப்... அப்பா?” என்றான். அவள் அப்பாவைக் கேட்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது.

“அப்பாவுக்கு மொத வருஷமே தெரியும். இங்கிலாந்துத் தொரைன்னா சௌனால பயந்துபோய் கீழ்ப் படில ஒக்காருவான். நீ ‘ஐயகோ’ன்னு கத்திக்கிட்டே நேரா சூடு ஜாஸ்தியா இருக்கற மேல் படிக்கு ஏறிட்டியாம். அப்பா வெளிய வந்து துண்டால மொகத்தத் தொடச்சுக்கிட்டு ரெண்டே வார்த்தை சொன்னார். ‘நம்ம பையன்.’ அதோட அன்னிக்கு அவர் கோட்டா முடிஞ்சு போச்சு.”

டாய்வோ செத்து பதினோரு வருஷம் ஆகிறது. ஆர்வோ தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தான். கண் நிறைந்தது.

“ஏன்...” என்று ஆரம்பித்தான்.

“ஏன் சொல்லலன்னா?” மார்லீனின் குரல் இப்போதுதான் கொஞ்சம் தடுமாறியது. “பயம். எங்கப்பா எங்கம்மாகிட்ட ஒரு நாளைக்கு ஆறு வார்த்தை பேசுவார். அதுல ரெண்டு ‘காபி’. அம்மா சாகற வரைக்கும் ரேடியோகூடத்தான் பேசிக்கிட்டிருந்தா. நம்ம ஊரு ஆம்பளைங்கள எனக்குத் தெரியாதா? நீ மொத நாளே என்கிட்ட ஒரு மணி நேரம் பேசுன. எனக்கு டிரஸ் நல்லாருக்குன்னு சொன்ன. நிலாவப் பத்திச் சொன்ன. கண்டுபிடிச்சுட்டேன்னு சொன்னா அந்த ஆளு போயிடுவான், நீ வாய மூடிக்குவ. அப்புறம் இந்த வீட்ல கடிகாரம்தான் பேசும்னு நெனச்சேன். அதான் நானும் வாய மூடிக்கிட்டேன். முப்பத்தெட்டு வருஷமா.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “இப்ப சொல்லியாச்சு. போயிட்டானா அந்த ஆளு?”

ஆர்வோ பதில் சொல்லப் பார்த்தான். மார்லீன் காத்திருந்தாள். சுவர்க்கடிகாரம் மட்டும் ஓடியது. அவள் மெல்லத் தலையைக் குனிந்து கோப்பைக்குள் பார்த்துக்கொண்டாள். கொஞ்சம் பேச்சை மாற்றுவது போல, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல, “ரேக்கு மட்டும் தெரியாது” என்றாள். “அவன்கிட்ட சொல்லிடாத. உனக்கு மீன் அறுக்கக் கத்துக்குடுக்கறதுல அவனுக்கு அவ்ளோ சந்தோஷம்.”

“ரேக்கு மீன் அறுக்கவே தெரியாது” என்றான் ஆர்வோ.

மார்லீன் தலையைத் தூக்கினாள்.

“தெரியவே தெரியாது! கத்திய எங்க வெக்கணும்? செவுளுக்குப் பின்னால வெச்சு சாய்ச்சு இழுக்கணும். அவன் வயித்துலேர்ந்து ஆரம்பிக்கறான்! வயித்துலேர்ந்து! பாதி மீன் குப்பைக்குப் போகுது. முப்பத்தெட்டு வருஷமா நான் அதப் பாத்துக்கிட்டு நிக்கறேன், ‘பயப்படாத மச்சான், செத்துடுச்சு’ங்கறான்! அப்புறம் அந்தப் படகு. படகுக் கயித்த எவனாவது அப்படிக் கட்டுவானா? சௌனா அடுப்புல பச்ச பைன் கட்டையப் போடறான். பிர்ச்சு போடணும், காஞ்ச பிர்ச்சு! உங்கப்பா இருந்தவரைக்கும் பிர்ச்சுதான். அவர் போனதுக்கப்புறம் ஒரு சௌனா சௌனா மாதிரி இருந்துச்சா சொல்லு? அந்தாள எனக்கு எவ்ளோ புடிக்கும் தெரியுமா மார்லீன், பக்கத்துல ஒக்காந்துக்கிட்டு ஒரு வார்த்த அவர்கிட்ட நம்ம பாஷைல பேச முடியலியேன்னு...”

மார்லீன் எழுந்துபோய் இன்னொரு கோப்பையை எடுத்து வந்து வைத்தாள். காபியை ஊற்றினாள். தட்டைத் திருப்பிப் போடலாமா என்று யோசித்து, வேண்டாமென்று உட்கார்ந்துகொண்டாள். இந்தப் பேச்சு முடிய நேரமாகும்.

ஆர்வோ பேசிக்கொண்டே இருந்தார்.